அத்தியாயம் 5: சாற்றமுதும் ரசமும்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு வைணவ வீட்டில் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால், இலையில் வந்து விழுவதற்குப் பெயர் சாற்றமுது. பாயசத்துக்குத் திருக்கண்ணமுது. சமையலுக்குத் தளிகை. அதே வீட்டுப் பையன் மெயின்கார்டு கேட் பக்கம் ஓட்டலில் உட்கார்ந்தால், "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம்" என்கிறான். அதே புளி, அதே மிளகு, அதே பெருங்காயம். ஓட்டலில் சாற்றமுது கேட்டால் பரிமாறுகிறவர் திரும்பிப் பார்ப்பார் என்பதும், பாட்டியிடம் ரசம் என்றால் பாட்டியின் புருவம் ஏறும் என்பதும் அவனுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

ஆங்கிலச் சொற்களின் நிறவேறுபாடு பற்றி இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது, அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். ஒரு சொல்லுக்குப் பொருள் மட்டும் கிடையாது, சுற்றமும் உண்டு. யார் சொல்வது, எந்த இடத்தில் சொல்வது, பக்கத்தில் எந்தச் சொல் உட்காரும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் சொல். தமிழில் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகினோம். ஆங்கிலத்தையோ பள்ளிக்கூட நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதிப் பழகினோம். அந்த நோட்டில் 'ஃபேமஸ்' என்றாலும் புகழ்பெற்ற, 'நொட்டோரியஸ்' என்றாலும் பேர்போன. "எங்கள் ஊர் கோயிலுக்கு நொட்டோரியஸ்" என்று ஒரு மாணவர் கட்டுரை எழுதிக்கொண்டு வந்ததற்கு அவரை எப்படிக் குறை சொல்வது? தமிழில் 'பேர்போன' என்ற சொல், இழுத்துச் சொல்கிற குரலைப் பொறுத்துப் பாராட்டாகவும் ஆகும், ஏசலாகவும் ஆகும். ஆங்கிலத்தில் குரல் தேவையில்லை. 'நொட்டோரியஸ்' என்றாலே பக்கத்தில் ரௌடி வந்து நின்றுவிடுவான்.

இனி ஊரைச் சுற்றி வருவோம். சொற்கள் தெருவில்தான் கிடக்கின்றன.

மலையும் குளமும்

மலைக்கோட்டையை ஆங்கிலத்தில் ஏன் 'மவுண்டன் ஃபோர்ட்' என்று சொல்வதில்லை? சுமார் 83 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை அது. வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது 'ராக்'. பொன்மலையும் அப்படித்தான். அங்கே 1928-இல் ரயில்வே பணிமனை வந்தபோது அதன் பெயர் 'கோல்டன் ராக்'. மாவட்டத்தின் வடக்கே இருக்கும் பச்சைமலை 'ஹில்ஸ்'. இமயமலைக்குத்தான் 'மவுண்டன்'. தமிழில் மலை என்ற ஒரே சொல் மூன்றையும் தூக்கிக்கொண்டு போகிறது. பாறை, குன்று, பொருப்பு, வெற்பு என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஊர்ப்பெயர் வைக்கும்போது நாம் மலையைத்தான் எடுத்தோம்.

பாடம் இது: தமிழ்ச் சொல்லின் வேலி ஒரு இடத்தில் முடிகிறது, ஆங்கிலச் சொல்லின் வேலி வேறொரு இடத்தில். எனவே மொழிபெயர்க்கும்போது சொல்லைப் பார்க்காதீர்கள், பொருளை நேரில் பாருங்கள். மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுபவர் 'மவுண்டன்' எழுதமாட்டார்.

கீழே இறங்கினால் தெப்பக்குளம். சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் இளைஞர் ஒருவர், தான் எழுதிய ஆங்கிலக் குறிப்பை என்னிடம் காட்டினார். அதில் 'டேங்க்' என்றிருந்தது.

"இதைக் கொஞ்சம் மாத்தலாமே தம்பி."

"ஏன் சார்? ஊர்ல எல்லாரும் டேங்க்னுதானே எழுதறாங்க?"

"எழுதறாங்க, தப்பில்ல. ஆனா நீங்க கூட்டிட்டு வர்ற ஜெர்மன்காரர் பீரங்கி வண்டி எங்கன்னு தேடுவாரு."

இந்திய ஆங்கிலத்தில் குளத்துக்கு 'டேங்க்' என்பது நூற்றாண்டுகள் பழகிய சொல். இந்த நாட்டுக்குள் எழுதும்போது கூசாமல் எழுதலாம். வெளியூராருக்கு அது தொட்டி, அல்லது போர் வண்டி. 'பாண்ட்' என்றால் வாத்து நீந்தும் குட்டை. 'லேக்' இயற்கையாய் அமைந்த ஏரி. 'பூல்' என்றால் ஓட்டல் நீச்சல்குளம் நினைவுக்கு வரும், ஆனால் பக்கத்தில் படிக்கட்டைச் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளும். கடைசியில் அவர் முதல் தடவை 'டெம்பிள் டேங்க்' என்றும், அதை ஒட்டி "படிகள் இறங்கும் சதுரக் குளம், நடுவே மண்டபம்" என்றும் ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு வரும் இடங்களில் வெறும் 'டேங்க்'. முதலில் அறிமுகம், பிறகு சுருக்கம். எந்த உள்ளூர்ச் சொல்லுக்கும் இது ஒத்துவரும்.

அணையில் கொஞ்சம் நின்று போகலாம்

திருச்சிக்காரர் எவரும் தப்பிக்க முடியாத சொல் ஒன்று உண்டென்றால் அது அணை. மேட்டூர் அணை, கல்லணை, மேலணை, தடுப்பணை, கதவணை எல்லாமே நமக்கு அணைதான். நோட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'டேம்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'டேம்' என்பது ஆற்றை மறித்து நீரைத் தேக்கிவைப்பது. மேட்டூர், 1934-இல் கட்டி முடித்தது, சந்தேகமில்லாமல் 'டேம்'. அதன் பின்னால் தேங்கி நிற்கும் நீர் 'ரிசர்வாயர்'.

முக்கொம்பு அப்படியில்லை. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளத்தில் இருப்பதால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரிப் பக்கம் மணல்மேடாகி, தஞ்சை வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே கட்டிய மேலணை, நீரைத் தேக்குவதற்காக வந்ததல்ல. காவிரிப் பக்கம் திருப்பிவிட வந்தது. உயரம் குறைவான குறுக்குச்சுவர், அதன் தலைக்கு மேலே வெள்ளம் வழிந்து போகும் என்றால் அதற்கு ஆங்கிலத்தில் 'வியர்'. சுவரின் மேல் வரிசையாகக் கதவுகள் வைத்து ஏற்றி இறக்கினால் 'பேரேஜ்' அல்லது 'ரெகுலேட்டர்'. நம் பொதுப்பணித்துறைக்காரர்கள் 'பேரேஜ்' என்பதற்குக் கதவணை என்று அழகான தமிழ் வைத்திருக்கிறார்கள். ஓடையின் குறுக்கே கட்டும் சின்னத் தடுப்பணை 'செக் டேம்'. அணையில் வேலை பார்க்கும் லஸ்கரைக் கேட்டுப்பாருங்கள், எது ஷட்டர், எது ரெகுலேட்டர் என்று உங்களையும் என்னையும்விடத் துல்லியமாகச் சொல்வார்.

இவ்வளவுக்கும் நடுவே ஆங்கிலேயர் நம் வாயிலிருந்தே ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். அணைக்கட்டு அவர்கள் நாவில் 'அனிகட்' ஆயிற்று. மேலணை 'அப்பர் அனிகட்', கல்லணை 'கிராண்ட் அனிகட்'. யூலும் பர்னெலும் 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இன்று ஒரு பொறியாளருக்கு எழுதினால் 'அனிகட்' சரியான சொல். சுற்றுலாப் பயணிக்கு எழுதினால் பழமையின் வாசம் வீசும், கூடவே ஒரு விளக்கமும் தேவைப்படும். அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விளக்கமில்லாமல் எழுதினால் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில்தான் ஆபத்து அதிகம். 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் போயின. தமிழில் நாம் சொன்னது "அணை உடைஞ்சிடுச்சு". வெளிநாட்டில் படிக்கும் ஒரு பையனுக்கு அவன் நண்பன் ஆங்கிலத்தில் 'டேம் பர்ஸ்ட்' என்று செய்தி அனுப்ப, அவன் நடுராத்திரியில் அம்மாவைக் கூப்பிட்டு "மாடிக்குப் போயிடு" என்று கத்திய கதையை அந்த அம்மாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். பையன் மேல் தவறில்லை. 'பர்ஸ்ட்' என்பது அழுத்தம் தாங்காமல் வெடிப்பது. பலூன் வெடிக்கும், குழாய் வெடிக்கும், அணை 'பர்ஸ்ட்' ஆனால் கீழே ஊர் இருக்காது. 'பிரீச்' என்றால் கரையில் ஓர் இடத்தில் உடைப்பு எடுப்பது. வாய்க்கால் கரைக்கும் ஏரிக்கரைக்கும் மிகப் பொருத்தம். 'கொலாப்ஸ்' என்றால் கட்டுமானம் நிலைகுலைந்து சரிவது. 'வாஷ்டு அவே' என்றால் வெள்ளம் அடித்துக்கொண்டு போவது. 'பிரோக்' என்பது தட்டும் தம்ளரும் உடைவதற்கு. அன்று நடந்ததைச் சொல்ல, "ஒன்பது ஷட்டர்கள் வாஷ்டு அவே" என்றால் அளவும் சரி, வினையும் சரி, அம்மாவும் மாடிக்குப் போகவேண்டியதில்லை. எண்ணிக்கையைச் சேர்ப்பதை மறக்காதீர்கள். சொல்லின் மிகையை அடக்க எண்ணைப்போல வேறொன்று கிடையாது.

டோல்கேட்டில் காசு

கொள்ளிடம் பாலம் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட். அந்தப் பக்கம் பேருந்துக்கு நிற்கும் எவருக்கும் 'டோல்' என்றால் என்ன என்று சொல்லவேண்டாம்: சாலையோ பாலமோ கடப்பதற்குக் கட்டுவது. அந்தப் பேருந்தில் நடத்துனர் வாங்குவது 'ஃபேர்'. டாக்டருக்கும் தேர்வுக்கும் 'ஃபீ'. வீட்டுக்கு 'ரெண்ட்'. தவறு செய்தால் 'ஃபைன்'. தமிழில் இவற்றில் பாதிக்குமேல் கட்டணம் என்று முடிந்துவிடும். வருமானத்துக்கும் இதே கதைதான். பாய்லர் தொழிற்சாலை ஊழியருக்கு மாதம் 'சேலரி', சித்தாளுக்கு நாள்கணக்கில் 'வேஜஸ்', ஆராய்ச்சி மாணவருக்கு 'ஸ்டைபெண்ட்', ஓய்வு பெற்றவருக்கு 'பென்ஷன்'. கூப்பிட்ட இடத்தில் சொற்பொழிவு ஆற்றியவருக்கு மரியாதையாகக் கவரில் வைத்துக் கொடுப்பது 'ஆனரேரியம்'. ஸ்ரீரங்கத்தில் இந்தக் கடைசியை உடனே பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே அதற்குச் சம்பாவனை என்று ஏற்கெனவே பெயர். வீட்டுக்கு வந்து காரியம் செய்துவைத்த சாஸ்திரிகளிடம் "உங்க கூலி எவ்வளவு" என்று கேட்டவன் அந்தத் தெருவில் இன்றும் பேசப்படுகிறான்.

குளித்தல்

பிஷப் ஹீபர் கல்லூரியின் பெயருக்கு உரியவரான ரெஜினால்ட் ஹீபர், 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் 'பாத்'தில் இறந்தார் என்று ஆங்கில நூல்களில் படிக்கிறோம். இன்றைய வாசகர் உடனே ஒரு பீங்கான் தொட்டியை நினைத்துக்கொள்வார். அது இறங்கிக் குளிக்கும் ஆழமான குளிர்நீர்க் குளம். சொல் அப்படியே நிற்க, அதன் படம் மட்டும் மாறிவிட்டது. பழைய ஆங்கிலம் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. 'டேக் எ பாத்' வீட்டுக் குளியலறைக்கு உரியது. ஆற்றில் குளிப்பது 'பேத்'. பிரிட்டனில் 'பேத்' என்றால் கடலிலோ ஆற்றிலோ இறங்கி நீந்தி விளையாடுவதும் ஆகும். அம்மா மண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று நடப்பதற்கு நம் பத்திரிகைகள் 'ஹோலி டிப்' என்று எழுதுகின்றன. எனக்கு அது பிடிக்காது. 'டிப்' என்றால் பிஸ்கட்டை டீயில் முக்கி எடுப்பதுபோல ஒரு நொடி வேலை. மூன்று முறை முழுகி, ஈரத்தோடு கரையேறி, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு நிற்கும் ஒரு பெண்மணியின் காலையை அதற்குள் அடைக்க முடியாது. 'ரிச்சுவல் பாத்' கொஞ்சம் வறட்சியாக இருந்தாலும் பொய்யில்லை.

கோயிலுக்குள் நுழையும்போது

இங்கே செருப்பைப்போல சில சொற்களையும் வெளியே விட்டுவிட வேண்டும். 'ஐடல்' என்பது விவிலியத்தின் வழியாக வந்த கண்டனத்தைச் சுமந்துகொண்டிருக்கும் சொல். நம் பத்திரிகைகள் தினமும் எழுதுவதால் கூர் மழுங்கியிருக்கிறது, ஆனால் வெளிநாட்டு வாசகருக்கு இன்னும் குத்தும். 'ஸ்டாட்யூ' என்றால் முச்சந்தித் தலைவர் சிலை. வழிபாட்டில் இருப்பதற்கு 'டெய்ட்டி', சிற்பமாகப் பேசும்போது 'இமேஜ்', உலோகத் திருமேனியைக் கலைநூலில் குறிக்கும்போது 'பிரான்ஸ்' என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேருக்கு வருவோம். 'கார் ஃபெஸ்டிவல்' என்பதைப் படித்து மோட்டார் கண்காட்சி என்று நினைத்த வெளிநாட்டார் உண்டு. 'சேரியட்' என்றால் ரோமாபுரியின் இரட்டைச் சக்கரப் பந்தய ரதம்; சித்திரைத் தேரின் பருமன் அதில் வராது. 'டெம்பிள் கார்', அதோடு ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பது என்ற ஒரு வரி, போதும். 'ஜக்கர்நாட்' மட்டும் வேண்டவே வேண்டாம். பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து கிளம்பிய சொல்தான், ஆனால் ஆங்கிலத்தில் அது எதிரே வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் ராட்சசனாகிவிட்டது. இங்கிருந்து போன சொல் என்பதால் நம்முடையது என்று நினைத்துவிடக் கூடாது. பறையிலிருந்து போன 'பரையா' இன்னும் மோசம். ஆங்கிலப் பத்திரிகை ஒரு நாட்டை உலகம் ஒதுக்கிவைத்தது என்று சொல்ல அதைச் சாதாரணமாக எழுதும். அகராதியும் ஒதுக்கப்பட்டவர் என்றுதான் பொருள் தரும். நமக்கு அது வாழும் மனிதர்கள் மேல் எறியப்பட்ட கல். 'அவுட்காஸ்ட்' என்றும் போகவேண்டாம், 'ஐசொலேட்டட்' என்று எழுதினால் வேலை முடிந்தது.

ராஜகோபுரத்துக்கு 'டவர்' போதுமா என்று கேட்கிறார்கள். 1987-இல் முடிந்த 236 அடி உயரக் கோபுரத்துக்கு 'டவர்' பொருந்தும். ஆனால் உள்ளே கருவறையின் மேல் இருக்கும் தங்க விமானத்துக்கும் 'டவர்' என்று எழுதி, வாசகரைக் குழப்பிவிடுவார்கள். வாசல் மேலிருப்பதற்கு 'கேட்வே டவர்' என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளாது.

எல்லாச் சொல்லும் போய்க் கெட்டுவிடவில்லை. உறையூர்ச் சுருட்டு ஆங்கிலத்தில் 'செரூட்' ஆகி நன்றாகவே வாழ்கிறது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே இது 'ட்ரிச்சினாப்பொலி' என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். இரண்டு முனையும் வெட்டித் திறந்திருப்பது 'செரூட்'. 'சிகார்' என்றால் ஹவானா, தோல் நாற்காலி, பணக்காரத் தொப்பை. கடைக்காரர் ஒருவர் தன் பெட்டியில் எதை அச்சடிக்கலாம் என்று கேட்டபோது, "விலை என்ன வைக்கப்போறீங்க" என்று திருப்பிக் கேட்டேன்.

அகராதியை எப்படிப் பிரிப்பது

தெசாரஸ் என்னும் நிகண்டு 1852-இல் ரோஜே வெளியிட்டதிலிருந்து எழுதுகிறவர்கள் கையில் இருக்கிறது. நம் திவாகரமும் பிங்கலமும் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. எந்த நிகண்டும் சொற்களை ஒரு வீட்டில் குடிவைக்கும், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதைச் சொல்லாது. சிக்கனத்துக்குத் தேடினால் 'த்ரிஃப்டி', 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி', 'மைசர்லி' எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். முதல் இரண்டு அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல, அடுத்த இரண்டு அதே அப்பாவைப் பற்றிச் சித்தப்பா சொல்ல.

ஆகவே, தெசாரஸில் சொல்லைக் கண்டுபிடித்தவுடன் எழுதிவிடாதீர்கள். கற்போர் அகராதி ஒன்றை எடுங்கள். ஹார்ன்பி தொடங்கிவைத்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், 1987-இல் வந்த கோபில்ட், எதுவானாலும் சரி. பொருளைப் படிக்குமுன் சொல்லுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்', 'டிஸ்அப்ரூவிங்' என்று ஏதாவது சீட்டு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பிறகு எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அவற்றில் உங்கள் சொல்லுக்கு இடமும் வலமும் யார் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் வாக்கியத்தில் நிற்கிறவர்கள் அவர்களுக்கு உறவாகத் தெரிந்தால் எழுதுங்கள். கடைசியாக அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், ஆனால் நோட்டுத் தமிழில் வேண்டாம், பாட்டியிடம் சொல்வதுபோல. சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு விடுதிக்காரர் 'சீப் ரூம்ஸ்' என்று பலகை வைத்திருந்தார். "மட்டமான ரூம் இருக்கு, வாங்க" என்று அவர் யாரையாவது கூப்பிடுவாரா? 'பட்ஜெட் ரூம்ஸ்' என்று மாற்றினார். வாடகையை மாற்றவில்லை.

இந்திய ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. விடுப்புக் கடிதத்தில் 'எக்ஸ்பயர்டு' என்று எழுதுகிறோம். வெளியே அது பால் பாக்கெட்டுக்கும் உரிமத்துக்கும்தான். 'டைட்' நேரானது, கூச்சம் வேண்டாம். 'பாஸ்டு அவே' மென்மையானது, காலமானார் போல. 'டிமைஸ்' சட்டக் காகிதத்துக்கு உரியது. ஆசார்யன் திருவடி அடைந்தார் என்பதற்கு ஆங்கிலமே கிடையாது, தேடி மெனக்கெடவேண்டாம். இடக்கரடக்கல், மங்கலம் என்று நன்னூல் வகுத்துவைத்ததை ஒருமுறை புரட்டினால், ஆங்கிலேயர் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள் என்பது விளங்கும். 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போன்றவற்றை நான் அடிப்பதில்லை. உள்ளூர் மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் அவை ஓட்டல் ரசம்; கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கும்.

பயிற்சி

1. "இங்கே ஆழம் அதிகம், குளிக்க வேண்டாம்." படித்துறைக்கு ஆங்கிலப் பலகை எழுதுங்கள். 'பாத்', 'பேத்', 'ஸ்விம்' எது என்று முடிவு செய்யுமுன், பலகையைப் படிக்கப்போவது யார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்.

2. உய்யக்கொண்டான் ஊருக்குள் ஓடும் இடத்தில் போய் நின்று பாருங்கள். 'ரிவர்', 'கெனால்', 'சேனல்', 'டிரெய்ன்' நான்கில் எது? சோழர் காலத்தை நினைத்து ஒன்றும், இன்று மூக்கில் ஏறுவதை நினைத்து ஒன்றும் எழுதுங்கள்.

3. சுஜாதாவின் கதைத்தொகுப்பு ஒன்றின் பெயர் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. தேவதைக்கு என்ன போடுவீர்கள்? 'காடஸ்' என்றால் சந்நிதிக்குள் போய்விடும். 'ஏஞ்சல்' என்றால் சிறகு முளைத்து மாதாகோயில் பக்கம் பறந்துவிடும். 'ஃபேரி' கையில் மந்திரக்கோல் வந்துவிடும். கீழச்சித்திரை வீதித் திண்ணையில் பாவாடை தாவணியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்கள் எழுந்து போகாத ஒரு சொல் வேண்டும். வகுப்பில் இதுவரை வந்த விடைகளில் எதற்கும் நான் முழு மதிப்பெண் போடவில்லை. என் விடைக்கும் சேர்த்துத்தான்.